கிளப் மாட்டிக்கிச்சா? முட்டு குடுக்காம வாதாடுறது எப்படி

நம்ம ஃபுட்பால் கிளப் மேல குத்தச்சாட்டு நியூஸ் வந்த முதல் நாள் வாயத் தொறக்காதீங்க. முதல் ஸ்டெப்பு இதான், இருக்கறதுலயே கஷ்டமானதும் இதான். அன்னிக்கு நம்ம கையில இருக்கறது ஒரு ஹெட்லைன் மட்டும், எதிர் டீம் ஃபேன்ஸ் அதுக்குள்ள மீம் போட ஆரம்பிச்சிருப்பாங்க, நமக்கு ரத்தம் கொதிக்கும், "ஆதாரம் எங்கடா"ன்னு டைப் பண்ணிருவோம், ரெண்டு வாரம் கழிச்சு ஆதாரம் வந்து நிக்கும்போது அந்த மெசேஜோட ஸ்க்ரீன்ஷாட்டும் கூடவே வரும். நான் இத்தாலி கிளப் யுவென்டஸோட ஃபேன், 2006ல ஒண்ணு 2023ல ஒண்ணுன்னு ரெண்டு பெரிய கேஸ் பாத்த கிளப்பு, அதனால இந்த சப்ஜெக்ட்ல நமக்கு கொஞ்சம் சீனியாரிட்டி உண்டு. எந்த கிளப் ஃபேனா இருந்தாலும் இது யூஸ் ஆகும்.

அடுத்து, என்ன குத்தச்சாட்டுன்னு சரியா பிரிச்சுப் பாருங்க. எல்லாத்தையும் "ஏமாத்திட்டாங்க"ன்னு ஒரே வார்த்தையில அடைக்கறதுதான் பாதி சண்டைக்கு காரணம். 1993ல ஃப்ரெஞ்ச் கிளப் மார்சேய் பண்ணது மேட்ச்சையே வாங்குறது, ஐரோப்பா கிளப்புங்களோட பெரிய கப்பான சாம்பியன்ஸ் லீக் ஃபைனலுக்கு ஆறு நாள் முன்னாடி வலென்சியன் டீம் கூட இருந்த லீக் மேட்ச்சுல எதிர் டீம் பிளேயர்ஸுக்கு காசு போச்சு, ஒரு பிளேயரோட சொந்தக்காரங்க வீட்டுத் தோட்டத்துல புதைச்சு வெச்ச பணத்தைத் தோண்டி எடுத்தாங்க. 2006ல இத்தாலில வெடிச்ச கால்ச்சோபோலி ஊழல் வேற மாதிரி, அங்க மெயின் விஷயம் போன் கால்தான், யுவென்டஸ் டைரக்டர் லூச்சானோ மோஜி எந்த மேட்ச்சுக்கு எந்த ரெஃபரின்னு முடிவு பண்ற ஆளுங்க கூட பேசிப் பேசி தனக்கு புடிச்ச ரெஃபரிய வரவழைக்கறாருன்னு கேஸ். இங்கிலாந்து கிளப் எவர்டன் 2023ல மாட்டுனது ரெண்டுலயும் சேராது, மூணு வருஷத்துல 10.5 கோடி பவுண்டு வரைக்கும் நஷ்டம் காட்டலாம்னு லிமிட் இருந்துச்சு, அவங்க கணக்கு 12.45 கோடி வந்துருச்சு, அவ்வளவுதான், யாரும் யாருக்கும் கவர் குடுக்கல. ஸ்காட்லாந்து கிளப் ரேஞ்சர்ஸ் 2012ல கடன்லயும் வரி பாக்கிலயும் கம்பெனியே கவுந்துச்சு. லண்டன் கிளப் செல்சிக்கு 2022ல வந்தது ஓனர் அப்ரமோவிச் மேல பிரிட்டன் போட்ட பொருளாதாரத் தடை, கிரவுண்டுல நடந்த எதுக்கும் சம்பந்தமில்ல.

இதையெல்லாம் ஒரே தட்டுல வெச்சு "எல்லா கிளப்பும் இப்படித்தான் ப்ரோ"ன்னு சொல்றவனை நம்பாதீங்க. மேட்ச்சை விலைக்கு வாங்குறதும் நஷ்டக் கணக்கு எல்லை தாண்டுறதும் ஒண்ணு கிடையாது. நம்ம கிளப் பண்ணது எந்த ரகம்னு நாமளே முதல்ல சொல்லிட்டா எதிராளிக்கு பாதி டயலாக் காலி.

மூணாவது, கேஸ் இப்ப எந்த ஸ்டேஜ்ல நிக்குதுன்னு பாருங்க. நிறைய பேர் சறுக்கறது இங்கதான். 2006 ஜூலையில முதல் தீர்ப்புல யுவென்டஸை ரெண்டாவது டிவிஷனுக்கு இறக்கி மைனஸ் 30 பாயின்ட்ல ஆரம்பிக்கச் சொன்னாங்க, அப்பீல்ல அது 17 ஆச்சு, அக்டோபர்ல 9ல வந்து நின்னுச்சு. 2023ல அதைவிட கூத்து, பிளேயர் டிரான்ஸ்ஃபர்ல லாபத்தை ஊதிக் காட்டுன கேஸ்ல ஜனவரில 15 பாயின்ட் கட், ஏப்ரல்ல திருப்பிக் குடுத்துட்டு மறுபடி விசாரிங்கன்னாங்க, மே மாசம் 10 கட், ஒரே சீசன்ல டேபிள் மூணு தடவை மாறுச்சு. எவர்டனுக்கும் முதல்ல 10, அப்பீல்ல 6, அப்புறம் இன்னொரு கேஸ்ல தனியா 2. அதனால "எங்களுக்கு 30 போட்டாங்க அநியாயம்"னும் பேசாதீங்க, "9 தானே"ன்னும் பேசாதீங்க, எந்தத் தேதியில எந்த பெஞ்சு என்ன சொல்லுச்சுன்னு ஒரு வரில சொல்லுங்க, அதுக்கு மேல அங்க சண்டை நகராது.

இதுலயே ஒரு குட்டி விஷயம், கால வரம்பு. "டைம் முடிஞ்சு போச்சு, விசாரிக்க முடியாது"ன்னு ஒரு தீர்ப்பு வந்தா அதை நிரபராதின்னு எடுத்துக்கவும் கூடாது, தப்பிச்சிட்டான் திருடன்னு எடுத்துக்கவும் கூடாது. 2020ல மான்செஸ்டர் சிட்டிக்கு ஐரோப்பா ஃபுட்பாலை நடத்துற யூயெஃபா ரெண்டு வருஷ ஐரோப்பா போட்டித் தடையும் 3 கோடி யூரோ ஃபைனும் போட்டுச்சு, விளையாட்டு நடுவர் மன்றம் தடையைத் தூக்கிட்டு ஃபைனை 1 கோடியா குறைச்சுச்சு, அந்தத் தீர்ப்புல "நிரூபிக்கல"ங்கறதும் இருக்கு, "கால வரம்பு தாண்டிருச்சு"ங்கறதும் இருக்கு, ஃபேன்ஸ் முதல் பாதியை மட்டும் படிப்பாங்க, ஹேட்டர்ஸ் ரெண்டாவது பாதியை மட்டும். நீங்க ரெண்டையும் படிங்க. எங்க பக்கம் ஆளுங்களுக்கும் இது பொருந்தும், 2011ல இத்தாலி ஃபுட்பால் ஃபெடரேஷன் வக்கீல் ரிப்போர்ட்ல எங்க எதிரி கிளப் இன்டர் மேலயும் அந்தக் காலத்து போன் கால்களுக்கு கேஸ் போட்டிருக்கலாம், ஆனா காலம் கடந்துருச்சுன்னு வந்துச்சு. அதை வெச்சுக்கிட்டு இன்னைக்கு வரைக்கும் எங்காளுங்க உருட்டுற உருட்டு இருக்கே, தாங்காது. இன்டர் மேல கேள்வி கேக்க அது நல்ல பாயின்டுதான், கேளுங்க, ஆனா அதனால மோஜி பேசுன போன் கால் அழிஞ்சு போயிராது.

இப்ப முக்கியமான ஸ்டெப்புக்கு வரேன், இதை மட்டும் புடிச்சுக்கிட்டா போதும். ஆளுங்க, கப்பு, கிளப்பு, இந்த மூணுக்கும் தனித்தனி கணக்கு போடுங்க.

ஆளுங்கன்னா தப்பு பண்ண டைரக்டர், பிரசிடென்ட், ஓனர். இவங்களுக்கு முட்டு குடுக்கவே குடுக்காதீங்க, எத்தனை கப் வாங்கிக் குடுத்திருந்தாலும் சரி. மோஜிக்கு முதல்ல அஞ்சு வருஷத் தடை, பின்னாடி ஆயுள் தடை. மார்சேய் ஓனர் பெர்னார் தாப்பி ஜெயிலுக்கே போனார். இவங்களைக் காப்பாத்தறது வக்கீலோட வேலை, அதுக்கு அவருக்கு ஃபீஸ் வருது, நமக்கு என்ன வருது?

கப்பு விஷயத்துல ரூல் சிம்பிள், ரெக்கார்டுல என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க, உங்க மனசுல இருக்கறதை "எங்க கருத்து"ன்னு தனியா சொல்லுங்க. மார்சேயோட 1993 ஃப்ரெஞ்ச் லீக் டைட்டிலைப் புடுங்கிட்டாங்க, வேற யாருக்கும் குடுக்கவும் இல்ல, ஆனா அந்த வருஷம் மே மாசம் மியூனிக்ல இத்தாலி கிளப் மிலானை 1-0ன்னு அடிச்சு வாங்குன சாம்பியன்ஸ் லீக் அவங்ககிட்டதான் இருக்கு. யுவென்டஸுக்கு 2004-05, 2005-06 ரெண்டு டைட்டிலும் போச்சு, ரெண்டாவதை இன்டருக்கு குடுத்தாங்க, முதலாவது யாருக்கும் இல்ல. மொத்த லீக் டைட்டில் ரெக்கார்டுபடி 36, எங்க ஸ்டேடியத்துல எழுதி வெச்சிருக்கறது 38. நானும் மனசுக்குள்ள 38ன்னுதான் எண்ணுவேன், ஆனா வாதத்துல 36ன்னுதான் எழுதுவேன்.

கிளப்புங்கறது ஜெர்சி, ஊரு, அந்த டீமை வருஷக்கணக்கா பாத்துக்கிட்டு இருக்கற ஜனம். தண்டனை எப்பவும் இவங்க தலையிலதான் விடியும், தப்புல இவங்களுக்கு பங்கே இல்லன்னாலும். 2012ல ரேஞ்சர்ஸ் நாலாவது டிவிஷன்ல ஈஸ்ட் ஸ்டிர்லிங்ஷயர் கூட ஆடுன ஹோம் மேட்ச்சுக்கு 49,118 பேர் வந்தாங்க. கம்பெனி செத்துப்போச்சு, அதனால கிளப்பும் செத்துப்போச்சான்னு எதிரி கிளப் செல்டிக்கோட ஃபேன்ஸும் ரேஞ்சர்ஸ் ஃபேன்ஸும் இன்னும் அடிச்சுக்கறாங்க, சட்டப்படி ரெண்டு பக்கமும் நாலு பேப்பர் காட்டுவாங்க, ஆனா அன்னிக்கு டிக்கெட் எடுத்து உள்ள போனவங்களுக்கு அதுல டவுட் இருந்த மாதிரி தெரியல.

இந்த மூணையும் போட்டுக் குழப்புறவன்கிட்ட என்ன சொல்லணும்னு சில ரெடிமேட் பதில்:

"உங்க கப்பு எல்லாமே திருட்டுக் கப்பு"ன்னு இன்டர் ஃபேன் வந்தா, "ரெண்டைப் புடுங்கிட்டாங்க, அதுல ஒண்ணு உங்க வீட்டுலதான் இருக்கு, மீதியில எதுக்கு கேஸ் இருக்குன்னு சொல்லு, பேசலாம்."

"எல்லாம் சதி, எங்களை மட்டும் குறி வெச்சாங்க"ன்னு நம்ம ஆளே சொன்னா, "2006ல மிலான், ஃபியோரென்டினா, லாட்சியோ, ரெஜ்ஜினா எல்லாருக்கும்தான் பாயின்ட் போச்சு மாப்ள. நமக்கு அதிகமா போச்சான்னு கேளு, அது நியாயமான கேள்வி."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இன்னும் இந்த டீமை சப்போர்ட் பண்ற"ன்னு கேட்டா பதில் சொல்லணும்னு கட்டாயமே இல்ல. கேக்கறவனுக்கு பதில் வேண்டாம், உங்க கோவம்தான் வேணும்.

அப்புறம் பிளேயர்ஸ் மேட்டர். இறங்குன டீமை விட்டுட்டுப் போனவங்களை துரோகின்னு திட்டறது ஈஸி. 2006 உலகக்கோப்பை ஃபைனல்ல ரெண்டு பக்கமும் சேத்து யுவென்டஸ் பிளேயர்ஸ் எட்டு பேர் இருந்தாங்க, கொஞ்ச நாள்லயே கன்னவாரோ ரியல் மாட்ரிட், துராமும் ஸாம்ப்ரோட்டாவும் பார்சலோனா, வியேரா இன்டர்னு கலைஞ்சாங்க, இப்ராஹிமோவிச்சும் இன்டர் போயிட்டார். பஃபோன், டெல் பியேரோ, த்ரெஸெகே, கமொரனேசி, நெட்வெட் எல்லாம் இருந்து ரிமினி மாதிரி டீமோட 1-1 டிரா எல்லாம் ஆடுனாங்க. இருந்தவங்களைக் கொண்டாடுங்க, போனவங்களை விட்ருங்க, அவங்களா போன் போட்டு ரெஃபரிய வரவழைச்சாங்க?

சரி, "மீண்டு வந்துட்டோம்"னு எப்ப சொல்லலாம்? இந்தக் கேள்வியிலதான் சொந்த ஃபேன்ஸுக்குள்ளயே பெரிய சண்டை நடக்கும். பொதுவா ஆளுங்க கப்பை வெச்சு அளப்பாங்க, அது சுத்தமா தப்பான அளவுகோல். மிலானைப் பாருங்க, அதே கால்ச்சோபோலில 2006-07 சீசனை மைனஸ் 8ல ஆரம்பிச்சாங்க, 2007 மே மாசம் ஏதென்ஸ்ல லிவர்பூலை 2-1ன்னு அடிச்சு சாம்பியன்ஸ் லீக்கே தூக்கிட்டாங்க, பத்து மாசத்துல எல்லாம் திருந்திருச்சுன்னா சொல்ல முடியும்? மார்சேய் இதுக்கு நேர் எதிர், செகண்ட் டிவிஷனுக்கு இறங்குனவங்க மேல வர 1996 ஆச்சு, அடுத்த லீக் டைட்டில் 2010ல, அதுவரைக்கும் கிளப் கெட்டதாவே இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது.

எங்க கதைதான் இதுக்கு சரியான பாடம். செகண்ட் டிவிஷன்ல முதலிடம் வந்து ஒரே வருஷத்துல ஏறியாச்சு, 2011ல சொந்த ஸ்டேடியம், 2011-12ல கான்டே கோச்சா இருந்து ஒரு லீக் மேட்ச்கூட தோக்காம டைட்டில், அங்கேர்ந்து 2020 வரைக்கும் தொடர்ச்சியா ஒன்பது. அப்ப யாராவது "கிளப் திருந்திருச்சா"ன்னு கேட்டா ஒன்பது விரலைக் காட்டுவோம். ஆனா 2022 நவம்பர்ல பிரசிடென்ட் அஞ்ஞெல்லியும் மொத்த போர்டும் ராஜினாமா, அப்புறம் பாயின்ட் கட், ஏழாவது இடம், யூயெஃபா ஒரு வருஷம் ஐரோப்பா போட்டியிலேர்ந்து வெளிய நிறுத்திருச்சு. ஒன்பது கப்பும் கிரவுண்டுல வாங்குனது, அதுல எனக்கு டவுட் இல்ல, ஆனா ஆபீஸ் ரூம்ல என்ன நடக்குதுன்னு அந்தக் கப்பு எதுவும் நமக்கு சொல்லல.

அதனால கப்பைத் தள்ளி வெச்சுட்டு இதைப் பாருங்க. தப்பு நடந்தப்போ பவர்ல இருந்தவங்க வெளிய போனாங்களா, இல்ல வேற நாற்காலிக்கு மாறி உக்காந்துட்டாங்களா. புதுசா வந்தவங்க பழைய ஓனரோட ஆளுங்களா. கணக்கு வழக்கை யார் செக் பண்றாங்க, அந்த ரிப்போர்ட் வெளிய வருதா. கிளப் ஒரு தடவையாவது "தப்பு நடந்துச்சு"ன்னு வாயைத் தொறந்து சொல்லிருக்கா, இல்ல ஒவ்வொரு அறிக்கையிலயும் நாங்கதான் பாதிக்கப்பட்டவங்கன்னு புலம்பலா. இதுல கடைசி கேள்விதான் ரொம்ப சொல்லும், புலம்பிக்கிட்டே இருக்கற கிளப்புக்கு மாத்தறதுக்கு எதுவுமே இல்லன்னு அர்த்தமாயிருது, ஏன்னா அவங்க கணக்குல தப்பே நடக்கல. இந்த லிஸ்டை எதிர் டீம் மேல யூஸ் பண்றதுக்கு முன்னாடி சொந்த டீம் மேல ஒருதடவை போட்டுப் பாருங்க, வலிக்கும்.

சொந்த ஃபேன்ஸுக்குள்ள சண்டை வந்தா ஒரே ஒரு விஷயம். போர்டைத் திட்டுற ஃபேனை "பிளாஸ்டிக்", அதாவது போலி ஃபேன்னு சொல்லி அடக்கப் பாக்காதீங்க. பாயின்ட் கட் ஆகறதுக்கு முன்னாடி கேள்வி கேட்டவன் அவன் ஒருத்தனா இருக்கலாம். அதே மாதிரி கேஸ் ஓடிட்டு இருக்கும்போது ஒவ்வொரு கோலுக்கும் அடியில வந்து "இதுவும் கட் ஆயிரும்"னு எழுதறவனையும் மியூட் பண்ணிருங்க, அது நேர்மை இல்ல, பொழுதுபோக்கு. மேட்ச் ஓடற தொண்ணூறு நிமிஷம் வாதம் லீவு. விசில் அடிச்சப்புறம் ஆரம்பிங்க, தீர்ப்புக் காப்பியைக் கையில வெச்சுக்கிட்டு.