நிட்டிங்கில் தப்பு விழுந்தால்: எதை விடுவது, எதைப் பிரிப்பது

புதிதாக நிட்டிங் கற்பவர்கள் பின்னலில் ஓர் ஓட்டையைப் பார்த்ததுமே ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். கடைசியாகச் செய்ய வேண்டியது அது. துணியைத் தப்பாக வெட்டினால் துணி போச்சு. நிட்டிங்கில் அப்படி இல்லை. முழுக்க ஒரே நூல்தான் என்பதால், பிரித்தாலும் நூல் கையிலேயே இருக்கும். போவது நேரம் மட்டும். தப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் அந்த நேரமும் மிச்சம். பாதித் தப்புகளுக்கு ஒரே ஒரு கண்ணியை, அதாவது ஊசியில் நிற்கும் ஒரு நூல் வளையத்தை, இறக்கி ஏற்றினாலே போதும்.

உதாரணத்துக்கு 4 மி.மீ. ஊசியில் 40 கண்ணி ஏற்றிப் பின்னும் ஒரு சாதாரண மஃப்ளரை எடுத்துக்கொள்வோம். நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணிகளும் உங்களுக்குப் போடத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை

முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசி ஒன்று (3 அல்லது 3.5 மி.மீ. சரியாக இருக்கும்), நாலைந்து ஊக்கு, முனை மழுங்கிய பெரிய காது ஊசி, வேறு நிறத்தில் வழவழப்பான பருத்தி நூல் கொஞ்சம். நீங்கள் பின்னும் ஊசியைவிட மெலிந்த நிட்டிங் ஊசி ஒன்றும் வேண்டும். புதிதாக வாங்குவதாக இருந்தால் மூங்கில் ஊசியாக வாங்குங்கள். அலுமினிய ஊசியில் வேகம் வரும், சரிதான். ஆனால் தப்பைத் திருத்தும் நேரத்தில் கண்ணிகள் அதிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடும்.

முதலில், பின்னலைப் பார்க்கப் பழகுங்கள்

நல்ல வெளிச்சத்தில் பின்னலை மேசைமேல் விரித்துப் போடுங்கள். நிட் பக்கத்தில் ஒவ்வொரு கண்ணியும் ‘வி’ வடிவத்தில் தெரியும். பர்ல் பக்கத்தில் குறுக்கே சின்ன முண்டாகத் தெரியும். நிட் போட்ட கண்ணியைப் பின்னாலிருந்து பார்த்தால் அதுதான் பர்ல். திருத்தும் வேலையில் பாதி இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் நடக்கிறது.

இப்போது ஊசியில் மாட்டியிருக்கும் கண்ணிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால்கள். நாம் வழக்கமாகப் பின்னும் முறையில் வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்கும், இடது கால் பின்னால் இருக்கும். பிரித்துவிட்டு மறுபடி மாட்டும்போது இது மாறிப்போனால் அந்தக் கண்ணி முறுக்கிக்கொள்ளும். மாட்டும்போது மாறிவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். அடுத்த வரிசையில் அந்தக் கண்ணி வரும்போது அதன் பின்கால் வழியாகப் பின்னினால் நேராகிவிடும்.

விட்டுவிடலாமா?

இரண்டு கேள்வி போதும். இதை இப்படியே விட்டால் இன்னும் அவிழுமா? கண்ணிகளின் எண்ணிக்கை மாறியிருக்கிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் அது வெறும் தோற்றப் பிழை. நூலின் ஓர் இழை பிரிந்து குத்தப்பட்டிருப்பது, ஒரு கண்ணி முறுக்கியிருப்பது எல்லாம் இந்த வகை. ஒரு கை தூரத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணில் படவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மஃப்ளர் போட்டுக்கொண்டு போகிறவரை நிறுத்தி யாரும் கண்ணி எண்ணப் போவதில்லை.

கண்ணி நழுவிவிட்டது

பதற்றமே வேண்டாம். பின்னலை இழுக்காமல், நழுவிய கண்ணியில் உடனே ஓர் ஊக்கை மாட்டுங்கள். அதற்கு மேல் அது இறங்காது. அப்புறம் டீ குடித்துவிட்டுக்கூட வரலாம்.

திருத்தும் முறை இது. நிட் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். ஊசியில் இருப்பவற்றைப் பின்னிக்கொண்டே நழுவிய இடத்துக்கு நேர் மேலே வந்து நிறுத்துங்கள். கீழே கண்ணி இருக்கும், அதற்கு மேலே ஏணிப்படிபோலக் குறுக்கு நூல்கள் இருக்கும். எத்தனை வரிசை இறங்கியதோ அத்தனை படிகள். குரோஷா ஊசியை முன்னாலிருந்து கண்ணிக்குள் விடுங்கள். எல்லாவற்றுக்கும் கீழே உள்ள படியைக் கொக்கியில் மாட்டி, கண்ணி வழியாக முன்பக்கம் இழுங்கள். ஒரு வரிசை ஏறியாயிற்று. அடுத்த படி, அதற்கடுத்த படி என்று போய், மேலே வந்ததும் வலது கால் முன்னால் இருக்கும்படி இடது ஊசியில் மாட்டிவிடுங்கள். படிகளை வரிசை மாறாமல் எடுப்பதில்தான் கவனம் வேண்டும். ஒன்றைத் தாண்டிப் போய்விட்டால் பின்பக்கம் ஒரு நூல் தொங்கும்.

பர்ல் பக்கம் முன்னால் இருக்கிறதா? பின்னலைத் திருப்பிப் பிடித்து நிட் பக்கத்திலிருந்து இதையே செய்யுங்கள். எல்லா வரிசையும் நிட்டாகப் பின்னும் கார்ட்டர் பின்னலில் மட்டும் கொஞ்சம் இம்சை. ஒரு படியை முன்பக்கத்திலிருந்தும் அடுத்த படியைப் பின்பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் முன், பக்கத்துக் கண்ணியில் அதே வரிசையில் முண்டு இருக்கிறதா, ‘வி’ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கலான நிலைமை ஒன்று உண்டு. கண்ணி நழுவி, கீழே ஓடாமல் அங்கேயே நின்றுவிட்டது. நீங்கள் கவனிக்காமல் 39 கண்ணிகளோடு மேலே பத்து வரிசை பின்னிவிட்டீர்கள். இப்போது அந்த இடத்தில் தாராளமான படிகள் இருக்காது. இரண்டு பக்கக் கண்ணிகளுக்கு நடுவே இருக்கும் சின்ன நூலைத்தான் இழுக்க வேண்டும். இழுத்தால் பின்னல் சுருங்கி முடிச்சுப் போட்டதுபோல ஆகிவிடும். ஸ்வெட்டரின் முன்பக்கம் என்றால் அந்த வரிசை வரை பிரிப்பதே நல்லது. மஃப்ளர்தான் என்றால், நழுவிய கண்ணியை அதே நிறத் துண்டு நூலால் பின்பக்கம் கோத்துக் கட்டிவிட்டு, அடுத்த வரிசையில் ஒரு கண்ணி கூட்டிக்கொள்ளலாம். நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

40 இருந்தது 41 ஆகிவிட்டது

கற்கத் தொடங்குபவர்களுக்கு மிக அதிகமாக வரும் தொல்லை இதுதான். பெரும்பாலும் வரிசையின் தொடக்கத்திலேயே நடக்கிறது. பின்னலைத் திருப்பியதும் நூலை ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் இழுத்துவிட்டால், முதல் கண்ணியின் இரண்டு கால்களும் மேலே ஏறிவந்து இரண்டு கண்ணிபோலத் தெரியும். இரண்டையும் தனித்தனியாகப் பின்னிவிடுகிறோம். மஃப்ளர் மேலே போகப் போக அகலமாகிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு வரிசை தொடங்கும்போதும் நூலைக் கீழே இழுத்துவிட்டு, ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோனால் இது வராது.

நடுவிலும் வரும். நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூல் இரண்டு ஊசிகளுக்கும் நடுவே வர வேண்டும். ஊசியைச் சுற்றி வந்துவிட்டால் கூடுதலாக ஒரு வளையம் ஏறிவிடும். அதற்குக் கீழே பின்னல் இருக்காது, வெறும் நூல் ஊசிமேல் கிடக்கும். அடுத்த வரிசையில் கண்டுபிடித்துவிட்டால் அதை ஊசியிலிருந்து தள்ளிவிடுங்கள், முடிந்தது. சில வரிசை கழித்துத் தெரிந்தால், அந்த ஒரு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து விட்டு, தொடங்கிய இடம் வரை அவிழ விடுங்கள். மிச்ச நூலைப் பக்கத்துக் கண்ணிகளுக்குக் காது ஊசியின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டால் ஓட்டை அடைபடும்.

கற்கும் காலத்தில் ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணிவிடுங்கள். 40 கண்ணி எண்ண அரை நிமிடம்கூட ஆகாது.

நிட் வர வேண்டிய இடத்தில் பர்ல்

ஆறு வரிசைக்குக் கீழே ஒரே ஒரு முண்டு துருத்திக்கொண்டு நிற்கிறது. இதற்காக ஆறு வரிசையும் பிரிக்க வேண்டாம். அந்தக் கண்ணிக்கு நேர் மேலே வரும்வரை பின்னுங்கள். இடது ஊசியிலிருந்து அந்த ஒன்றை மட்டும் கழற்றி, தப்பான கண்ணி அவிழும் வரை வேண்டுமென்றே கீழே இறக்குங்கள். அப்புறம் குரோஷா ஊசியால் முன்பு சொன்னபடி ஏற்றிக்கொண்டு வாருங்கள். முதல் முறை கை நடுங்கும். பக்கத்துக் கண்ணிகள் தானாக அவிழாது, நம்புங்கள். இப்படி ஏற்றிய கண்ணிகள் கொஞ்சம் தளர்வாகவோ இறுக்கமாகவோ தெரியும். ஒருமுறை நனைத்துக் காயவைத்தால் அநேகமாகச் சரியாகிவிடும்.

கண்ணி குறைக்கும் இடம், கேபிள் (கண்ணிகளை இடம் மாற்றிப் பின்னும் ஜடை டிசைன்), லேஸ் ஓட்டை இருக்கும் இடங்களில் மட்டும் இந்த வித்தையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். அங்கே நூல்கள் பக்கத்துக் கண்ணிகளோடு பின்னிப் பிணைந்திருக்கும்.

ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போவது

தப்பு இதே வரிசையில் நடந்திருந்தால் ஊசியை உருவாமலே திரும்பிப் போகலாம். வலது ஊசியில் முதலில் இருக்கும் கண்ணிக்கு நேர் கீழே உள்ள கண்ணிக்குள் இடது ஊசியை முன்னாலிருந்து விடுங்கள். மேலே உள்ள அந்தக் கண்ணியிலிருந்து மட்டும் வலது ஊசியை மெல்ல உருவி, நூலை இழுங்கள். மேலே இருந்தது அவிழ்ந்து, கீழே இருந்தது இடது ஊசியில் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். நிட் கண்ணிக்கு நூல் பின்னால், பர்லுக்கு நூல் முன்னால். ஒன்றிரண்டு வரிசை வரை இந்த வழிதான் பத்திரம். அதற்கு மேல் பொறுமை போய்விடும்.

பல வரிசை பிரிப்பது

இதற்கும் ஒரு முன்னேற்பாடு இருக்கிறது. தப்புக்குக் கீழே நன்றாக இருக்கும் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். நிட் பக்கம் முன்னால் இருக்கட்டும். மெலிந்த ஊசியை எடுத்து, வலது ஓரத்திலிருந்து அந்த வரிசையில் உள்ள ஒவ்வொரு ‘வி’யின் வலது காலுக்கும் அடியில் விட்டுக்கொண்டே போங்கள். வரிசை மாறி மேலேயோ கீழேயோ போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் எண்ணுங்கள். 40 வந்ததா? இப்போது மேலே உள்ள ஊசியை உருவிவிட்டு நூலை இழுக்கலாம். மெலிந்த ஊசிக்கு வந்ததும் பின்னல் தானாக நின்றுவிடும். நூல் ஊசியின் குமிழ் பக்கம் வந்து நின்றால் கண்ணிகளை வேறு ஊசிக்கு மாற்றிக்கொண்டு தொடங்குங்கள்.

பிரிக்கும்போதே நூலைத் தளர்வாக உருண்டை சுற்றிக்கொண்டு வாருங்கள். தரையில் குவித்தால் சிக்கலெடுக்கவே ஒரு சாயங்காலம் போய்விடும், வீட்டில் பூனை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கஷ்டமான டிசைன் என்றால் முன்கூட்டியே காப்பு நூல் போட்டு வையுங்கள். சரியாக முடிந்த ஒரு வரிசையில், கண்ணிகள் ஊசியில் இருக்கும்போதே, காது ஊசியில் பருத்தி நூலைக் கோத்து எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டி, இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டுவிடுங்கள். அடையாளத்துக்கு ஊசியில் மாட்டும் மார்க்கர் வளையங்களுக்குள் மட்டும் அது போகக் கூடாது, போனால் மார்க்கர் அங்கேயே மாட்டிக்கொள்ளும். மேலே என்ன ஆனாலும் பின்னல் அந்த நூலுக்குக் கீழே அவிழாது. 20 வரிசைக்கு ஒன்று போதும்.

பிரித்த நூலை என்ன செய்வது?

உடனே மறுபடி பின்னப் போகிறீர்கள் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். நாள்பட்ட பின்னலைப் பிரித்தால்தான் நூல் சுருள் சுருளாக வரும். அதை அப்படியே பின்னினால் கண்ணிகள் ஒரே அளவில் அமையாது. நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு 20 நிமிடம் ஊறவையுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் வைத்து அழுத்தி எடுத்து, நிழலில் தொங்கவிடுங்கள். சுத்தமான கம்பளி என்றால் சூடான நீரில் போட்டுக் கசக்காதீர்கள், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிவிடும். கடைகளில் உல்லன் நூல் என்று விற்பதில் நிறைய அக்ரிலிக்தான், அதனால் லேபிளைப் பாருங்கள். அக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப் பெட்டியோ ஆவியோ படக் கூடாது. துவண்டுபோன அக்ரிலிக் பழையபடி நிமிராது.

மொஹேர் மாதிரி மயிரிழை அடர்ந்த நூலைப் பிரிப்பது தனிக் கஷ்டம். மாட்டிக்கொண்ட இடத்தில் வேகமாக இழுத்தால் நூலே அறுந்துவிடும். சின்னக் கத்தரிக்கோல் முனையால், நடுநூலைத் தொடாமல், பிணைந்திருக்கும் மயிரிழைகளை மட்டும் வெட்டிவிட்டு மெல்ல இழுக்க வேண்டும். முதல் மஃப்ளருக்கு இந்த மாதிரி நூலும் வேண்டாம், கறுப்பு நிறமும் வேண்டாம். வெளிர் நிறத்தில், வழவழப்பாக, கொஞ்சம் தடிமனான நூலாகப் பார்த்து வாங்குங்கள்.