ஏர் ரைஃபிள் பெல்லட்: புதுசா வர்றவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்பு

டெல்லியில 10 மீட்டர் ஏர் ரைஃபிள் கத்துக்க வர்ற நம்ம வீட்டுப் பசங்களை இப்போ அடிக்கடி பாக்குறேன். மயூர் விஹார்ல இருந்தும் ஆர்.கே.புரத்துல இருந்தும் துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சுக்கு அப்பாவும் பையனுமா மெட்ரோ பிடிச்சு வர்றாங்க. ஜாக்கெட், ஷூன்னு எல்லாத்துக்கும் பத்து பேர்கிட்ட விசாரிப்பாங்க, ஆனா ரைஃபிள்ல போடுற குட்டி ஈயக் குண்டு, அதான் பெல்லட்டுன்னு வந்தா மட்டும் கண்ணை மூடிட்டு வாங்கிடுவாங்க. விரலை டிரிகர்ல வைக்காதே, ரைஃபிளை யார் பக்கமும் திருப்பாதே, இதெல்லாம் கோச் முதல் நாளே சொல்லிடுவார், நான் அதுக்குள்ள போகல.

யாரோ ஜெயிச்ச பெல்லட்டை கார்ட்டன் கணக்குல வாங்குறது

இதைத்தான் இன்னும் என்னால பொறுத்துக்க முடியல. போன சீசன்ல ஒரு அப்பா வந்து, "அண்ணா, நம்ம இளவேனில் என்ன பெல்லட் போடுறாங்க, அதையே வாங்கிடலாமா?"ன்னு கேட்டார். கடலூர்ல பிறந்த பொண்ணு இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிள்ல உலக அளவுல ஜெயிக்குறப்போ அந்த ஆசை வர்றது நியாயம்தான், ஆனா வேணாம் சார், முதல்ல பையன் ரைஃபிள்ல டெஸ்ட் பண்ணுங்கன்னு சொன்னேன். அடுத்த வாரமே ஒரு முழு கார்ட்டனோட வந்து நிக்கிறார், கடைக்காரர் "சாம்பியன் எல்லாரும் இதான்"னு சொன்னாராம். பையன் ஸ்கோர் இறங்கிட்டே போகுது, கோச் பொசிஷனை மாத்துறார், பிரீதிங்கை மாத்துறார், அவனுக்கு தன் மேலயே நம்பிக்கை போயிடுச்சு. கடைசியில ரைஃபிளை ஆடாம பிடிச்சு வைக்கிற கிளாம்ப்ல மாட்டி சுட்டுப் பாத்தா, பத்து குண்டும் ஒரே துளையா விழ வேண்டிய இடத்துல கிழிஞ்ச மாதிரி நீளமா ஓட்டை. அவன் மேல தப்பே இல்ல. ரெண்டு மாசம் அந்தப் பையன் சும்மா திட்டு வாங்கினான்.

எல்லாம் 4.5 மி.மீ. குண்டுதான்னாலும் டின் மேல ஹெட் சைஸ் (குண்டோட முன்பக்க விட்டம்) 4.49, 4.50, 4.51னு போட்டிருக்கும். பேரலுக்குப் பேரல் பொருத்தம் மாறும், ஒரே கம்பெனியோட ரெண்டு ரைஃபிளுக்கு வேற வேற சைஸ் பிடிக்கும். இந்த நூறுல ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு இவ்ளோ அலட்டலான்னு கேக்காதீங்க. டார்கெட்ல பத்துங்கிற புள்ளியே 0.5 மி.மீ. தான். நடுவுல இருந்து குண்டு 0.25 மி.மீ. தள்ளிப் போகப் போக ஸ்கோர்ல 0.1 குறையும், மேட்ச்சோட 60 ஷாட்லயும் 0.1 போனா 6 பாயிண்ட், அதோட ஃபைனல் மறந்துட வேண்டியதுதான்.

அதனால ஒவ்வொரு சைஸ்லயும் ஒரே ஒரு டின் வாங்குங்க, இல்ல ரேஞ்ச்ல சீனியர் பசங்ககிட்ட கொஞ்சம் கொஞ்சம் கேட்டு வாங்குங்க, கொடுப்பாங்க. கோச்சை வச்சுக்கிட்டு கிளாம்ப்ல மாட்டி, பெல்லட் மாத்துனதும் முதல் சில குண்டை கணக்குல எடுக்காம, அப்புறம் பத்து பத்தா ரெண்டு தடவை சுடுங்க. அஞ்சு குண்டு சுட்டுட்டு "சூப்பர் குரூப்"னு குதிக்காதீங்க, அஞ்சு தற்செயலா ஒண்ணா விழும், அடுத்த அஞ்சுல விரிஞ்சிடும். எது நல்லா வருதோ அந்த டின்னோட பேட்ச் நம்பரை எழுதி வச்சு, அதே பேட்ச்லதான் மொத்தமா வாங்கணும். அதே பிராண்ட், அதே சைஸ், பேட்ச் மட்டும் வேறன்னாலும் மறுபடி டெஸ்ட்தான்.

ஸ்கர்ட் நசுங்குறது

பெல்லட் வெறும் ஈயம், நகம் பட்டாலே தடம் விழும். பின்பக்கம் இருக்குற மெல்லிசான பாவாடை மாதிரி விளிம்புதான் பேரலுக்குள்ள காத்தை அடைச்சுப் பிடிக்குது, அது ஒரு பக்கம் ஒடுங்கினா குண்டு எங்கே போகும்னு யாருக்கும் தெரியாது. பசங்க டின்னை பேக்ல போட்டு மெட்ரோல குலுக்கிட்டு வர்றாங்க, வந்ததும் மேஜை மேல கொட்டுறாங்க, பாக்கவே மனசு வலிக்குது. மேட்ச்சுக்கு வேணும்கிறதை முந்தின நாளே ஒவ்வொண்ணா எடுத்து, லைட்டுல விளிம்பைப் பாத்து, குழி குழியா இருக்குற பெல்லட் பாக்ஸ்ல அடுக்கி வைங்க. சந்தேகமா இருக்குறது பிராக்டிஸுக்கு.

கூர் முனை பெல்லட்

பேப்பர்ல தட்டை முனைதான் சுத்தமா வட்டமா வெட்டும். மேட்ச்சுக்கு அது மட்டும்தான்.

தராசு வாங்கி எடை பாக்குறது

10 மீட்டர்ல தேவையில்ல. அந்த நேரத்துல குண்டு போடாம டிரை பிராக்டிஸ் பண்ணுங்க.

மேட்ச் அன்னிக்கு புது டின்

கூடாது.

கையைக் கழுவாம டிபன் பாக்ஸைத் திறக்குறது

ஈயம் உடம்புக்குள்ள போனா விஷம், அதுவும் வளர்ற பிள்ளைங்களுக்கு ரொம்பவே. பெல்லட்டை வாயில வச்சுக்கிட்டு லோட் பண்ற பையனை நானே பாத்திருக்கேன். சோப்பு போட்டுக் கழுவணும், சானிடைசர் ஈயத்தை எடுக்காது. அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சாதம் ரேஞ்சுக்கு வெளியே, கை கழுவின பிறகு.