பாடகிக்குச் சளி பிடித்த கதை

எங்கள் சமுதாய வானொலிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ரெக்கார்டு பிளேயரில் எல்பி இசைத்தட்டு போட்டால் பாடகி குரல் ஆம்பளைக் குரலாகிவிடும். "அந்தம்மாவுக்குச் சளியா சார்?" என்று நேயர்கள் போனில் கேட்டார்கள். பெல்ட்டை மாற்றி, பேரிங்குக்கு எண்ணெயும் விட்டுப் பார்த்தோம், ம்ஹூம். வேகத்தை 45-க்குத் திருப்பினால் கீச்சுக்குரல். நாள்தான் போனது. வேகம் சரியாக இருந்தால் விளக்கின் மினுக்கலில் நின்ற மாதிரி தெரிவதற்காகச் சுழலும் தட்டின் ஓரத்தில் போட்ட புள்ளிகளோ சோக் போட்ட டியூப்லைட்டில் அசையாமல் நின்றன, அதனால் வேகம் சரி என்றே எல்லாரும் நம்பினோம்.

அப்புறம் தட்டில் காகிதத் துண்டு ஒட்டி, செல்போன் கடிகாரம் வைத்து எண்ணினால் எல்பிக்கு வேண்டிய நிமிடத்துக்கு 33⅓ இல்லை, 28 சுற்றுதான். டிரான்ஸ்பார்மர் 110 வோல்ட்டுக்கு இறக்குமே தவிர ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, மாற்றாது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கான மோட்டார் நம் 50-ல் மெதுவாக ஓட, விளக்கும் அதே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதே அளவு மெதுவாக மின்னுவதால் 60-க்கான புள்ளிகள் நின்ற மாதிரி ஏமாற்றியிருக்கின்றன. லேத் பட்டறையில் 1.2 மடங்கு விட்டத்தில் மோட்டார் புல்லி கடைந்து மாட்டினோம், சரியாகிவிட்டது. இப்போது புள்ளிகள் ஓடுகின்றன, ஓடட்டும்.