பரணில் கிடைத்த ரவிவர்மா: விலை பேசும் முன்னும் ‘போலி’ என்னும் முன்னும்

சென்னையில் சௌகார்பேட்டை, மண்ணடிப் பக்கம் பழைய வீட்டை இடித்தால் பரணிலிருந்து ரவிவர்மா லட்சுமியோ சரஸ்வதியோ இறங்குவதுண்டு. மூலையில் கையெழுத்து இருந்தால் உடனே ‘அசல் ஓவியம்’ என்று விலை பேசுகிறார்கள். முதல் தவறு அதுதான். 1894-ல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகப் படங்களில் கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகும். அவற்றைப் பார்த்துப் பிற்காலத்தில் அச்சடித்த நகல்களிலும் அது இருக்கும்.

அது எந்தக் காலத்து அச்சு என்று பார்க்க, என்.எஸ்.சி. போஸ் சாலை நகைக்கடைக்காரர் வைரம் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். ரவிவர்மா அச்சகத்தில் அடித்தது கல்லச்சு, அதாவது படத்தைக் கல்லில் வரைந்து அச்சிடும் முறை; அதில் நிறத்துக்கு ஒரு கல். புள்ளிகளின் அளவும் இடைவெளியும் சீராக இருக்காது. பிற்காலத்து ஆஃப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் பூக்கோலம்போல வரிசை பிசகாமல் நிற்கும். கோலம் தெரிந்தால் அது ரவிவர்மா காலத்து அச்சு அல்ல.

அடுத்தது, ஃப்ரேம் கடையில் கொடுத்து ‘புதுசாக்கி’ வாங்குவது. பின்பலகை, துருப்பிடித்த ஆணி, கடைச் சீட்டு எல்லாம் குப்பைக்குப் போகும். பாதி ஆதாரம் அங்கேதான் இருந்தது. முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம் என்று முதலில் படமெடுத்து, நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் குறியுங்கள்.

எண்ணெய் ஓவியமென்றால் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். டைட்டானியம் வெள்ளை என்ற நிறமி 1910-களின் பிற்பகுதிக்கு மேல்தான் சந்தைக்கு வந்தது. ரவிவர்மா இறந்தது 1906-ல். அதற்காக, அந்த வெள்ளை கிடைத்ததும் ‘போலி’ என்று முடிவுகட்டக் கூடாது. பின்னாளில் பழுதுபார்த்தவர் பூசியிருக்கலாம். புற ஊதா விளக்கில் திருத்திய இடங்கள் பெரும்பாலும் கறுத்துத் தெரியும். அவற்றை விட்டு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். அந்த வெள்ளை இல்லாவிட்டாலும் அசல் என்று ஆகிவிடாது.

கடையில் வாங்குவதென்றால், விற்பவரே தரும் சான்றிதழ் வெறும் தாள். நிபுணர் ஓவியத்தை நேரில் பார்த்தாரா, போட்டோவிலா என்று கேளுங்கள். பில்லில் ‘ரவிவர்மா’ என்பதும் ‘ரவிவர்மா பாணி’ என்பதும் வேறுவேறு. அசல் இல்லையென்றால் பணம் திரும்ப வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கடைசியில் வாய். வாட்ஸ்அப் குழுவில் “அந்தக் கடைக்காரர் போலி விற்கிறார்” என்று போட்டால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356-ம் பிரிவில் அவதூறு வழக்கு வரலாம். இரண்டாண்டு வரை சிறை உண்டு. உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, பொதுநலனுக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். ஆளை விட்டுப் பொருளைச் சொல்லுங்கள்: “இந்தப் படத்தில் ஆஃப்செட் புள்ளி தெரிகிறது, போட்டோ இணைத்துள்ளேன்.” அதையும் முதலில் விற்றவருக்கே எழுத்தில் அனுப்பி, பதில் வரும்வரை படத்தை ஃப்ரேமிலிருந்து கழற்றாமல் வைத்திருங்கள்.