பிரச்சாரக் குழுவின் அறிமுகத் தாளை எழுதுவது எப்படி?

வன நிலத்தில் மக்களுக்குள்ள உரிமைக்காக ஏற்காடு மலை ஊர்களுக்குக் குழுவாகப் போனால், "நீங்க யாரு, எந்த ஊரு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதிலாக நாங்கள் கொடுக்கும் அறிமுகத் தாளை எழுதுவது என் வேலை.

பட்டத்தில் தொடங்காதீர்கள். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) கடைசி வரியில் இருந்தால் போதும். எங்கள் ஒருங்கிணைப்பாளரைப் பற்றி "பழங்குடியினர் மேம்பாட்டில் அனுபவம் மிக்கவர்" என்று முன்பு இருந்தது. அதை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்: "இந்த மலையின் மலையாளிப் பழங்குடி. அம்மாவோடு தோட்டங்களில் காபிப் பழம் பறித்து வளர்ந்தவர். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மனு எழுதித் தருவார். சட்டம் கேட்கிறபடி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்த வன நிலம் உங்கள் கைவசம் இருந்தது என்பதற்கு ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்குவார்." இப்போது அவரிடம் எதற்காகப் போகலாம் என்று படிப்பவருக்குப் புரியும்.

சமூகத்தின் பெயரை அவரவர் சம்மதித்தால் மட்டும் போடுங்கள். பட்ட அடி உதையை இரக்கத்துக்காக எழுதவே கூடாது. வீட்டு விலாசம், பிள்ளைகள் படிக்கும் பள்ளி எதுவும் வேண்டாம். எதிர்ப்பு வரும் வேலை இது.

குழுவின் வக்கீல் சேலம் அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை என்றால் அப்படியே சொல்லுங்கள், மலைக்காரராகக் காட்ட வேண்டாம்.

அப்புறம், பெண்களை "உதவியாளர்" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். மனுக்களைச் சரிபார்க்கும் ஊர் வன உரிமைக் குழுவிலேயே மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி.

ஜெராக்ஸ் எடுக்கும் முன் சம்பந்தப்பட்டவருக்கு உரக்கப் படித்துக் காட்டி, அவர் நீக்கச் சொல்வதை நீக்கிவிடுங்கள்.