மயக்க ஊசிக்கு முதல் டொக்டரிட்ட என்னென்ன சொல்லோணும்

ஒப்பரேஷன் மேசையில ஆருக்கும் இதயம் நிண்டுட்டா ஊருக்க உடன வாற கதை "மயக்க மருந்து கூடிப்போச்சாம்" எண்டுதான். மருந்தாலயும் நடக்கும்தான், ஆனா ரத்தம் கனக்கப் போறது, மூச்சுக்குழாய் போட ஏலாம ஒட்சிசன் இறங்கிறது, ரத்தத்தில பொட்டாசியம் எண்ட உப்பு ஏறிறது, முதலே இருந்த இதய வருத்தம் எண்டு வேற காரணங்களும் கனக்க இருக்கு. இதில சிலதை நீங்கள் வாய் திறந்து சொன்னாலே டொக்டர்மார் முதலே ஆயத்தமாகிடுவினம்.

எங்கட வன்னிப் பக்கத்தில முதல் சொல்லோண்டியது முள்ளந்தண்டுக் காயம். ஷெல் பட்டு இடுப்புக்குக் கீழ இயங்காதவை, 2009 சண்டையில பட்டதெண்டாலும் சொல்லுங்கோ, "அது பழசுதானே, இப்ப அப்பெண்டிக்ஸுக்குத்தானே வந்தனாங்கள்" எண்டு விட்டிடாதேங்கோ. மூச்சுக்குழாய் போடேக்க தசையைத் தளர்த்தக் குடுக்கிற சக்சமெத்தோனியம் எண்ட மருந்து, இயங்காத தசையில இருந்து பொட்டாசியத்தை ஒரேயடியா ரத்தத்துக்க கொட்டப் பண்ணும், இதயம் அதிலயே நிக்கலாம். தெரிஞ்சா ரொக்குரோனியம் மாதிரி வேற ஒண்டு போடுவினம், அவ்வளவுதான் விசயம். பாரிசவாதம் வந்தவை, பெரிய எரிகாயம் பட்டவை, கனநாள் படுக்கையில கிடந்தவைக்கும் இதே கதைதான். இன்னொண்டு, முள்ளந்தண்டில நெஞ்சு மட்டத்திலயோ அதுக்கு மேலயோ காயமெண்டா "கீழ உணர்ச்சி இல்லைத்தானே, மயக்கம் என்னத்துக்கு" எண்டு கேக்காதேங்கோ, உணர்ச்சி இல்லாட்டியும் வெட்டேக்க பிரசர் கண்டபாட்டுக்கு ஏறலாம்.

கிட்னி வருத்தக்காரர் கடைசியா எப்ப டயலிசிஸ் செய்தது எண்டு சொல்லோணும். ஒப்பரேஷனுக்கு முதல் "உடம்புக்குக் குளிர்ச்சி" எண்டு இளநீர் பருக்கிற மாமிமாரைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்கோ, அதில பொட்டாசியம் நிறைய, கிட்னி ஏலாட்டி அது வெளிய போகாம ரத்தத்தில தங்கிடும்.

சொந்தத்துக்க ஆரும் மயக்கத்தில செத்திருந்தா, காய்ச்சல் தலைக்கு மேல ஏறியிருந்தா, ஒப்பரேஷன் முடிஞ்சும் கனநேரம் மூச்சு வராம மெஷினில கிடந்திருந்தா அதையும் சொல்லுங்கோ, பரம்பரையா வாறதா இருக்கலாம். இடப்பெயர்வில துண்டு கொப்பி எல்லாம் போயிருக்கும், பரவாயில்லை, வாயால சொன்னாக் காணும்.

சாப்பாடு 6 மணித்தியாலம், எண்ணெய்ச் சாப்பாடு 8, தாய்ப்பால் 4, வெறுந்தண்ணி 2 எண்டுதான் பொதுவாச் சொல்றது, ஆனா வோர்ட்டில சொல்ற நேரம்தான் கணக்கு. பால் தேத்தண்ணி தண்ணியில சேராது. குளுசை எல்லாத்தையும் பையோட கொண்டு போங்கோ, நாட்டு மருந்தையும் சேர்த்து. ரத்தம் உறையாமப் போடுற குளுசையெண்டா கட்டாயம் காட்டோணும், ஆனா எதையும் நீங்களா நிப்பாட்டக்கூடாது. கசிப்பு, சாராயம் குடிக்கிறவர் மனுசி பக்கத்தில நிக்கிறா எண்டு மறைக்காம, அவவை வெளிய அனுப்பிப்போட்டாவது சொல்லுங்கோ.

இவ்வளவும் சொல்லியும் இதயம் நிக்கலாம். கமரா விட்டுச் செய்யிற ஒப்பரேஷனுக்கு வயித்துக்க காஸ் அடிக்கேக்க, கண் ஒப்பரேஷனில கண் தசையை இழுக்கேக்க துடிப்பு குறையலாம், சேர்ஜன் கையை எடுத்தாலே கனபேருக்குத் திரும்பிடும், இல்லாட்டி துடிப்பைக் கூட்டுற அத்ரோபின் ஊசி போடுவினம். முழுசா நிண்டா நிமிசத்துக்கு 100-120 தரம் நெஞ்சை அமத்துவினம், அட்ரினலின் போடுவினம், பொட்டாசியமெண்டா கல்சியம், விறைப்பூசி ரத்தத்துக்க போயிருந்தா 20% கொழுப்பு மருந்து. மொனிட்டரும் ஆக்களும் பக்கத்திலயே இருக்கிறதால ரோட்டில விழுறவரை விட தப்புற சான்ஸ் கூட.

தப்பி வந்தா டிக்கட் வெட்டேக்க எந்த மருந்துக்கு என்ன நடந்தது எண்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ. துண்டு கறையான் அரிச்சுப் போகும், போனில போட்டோ எடுத்து பிள்ளையளுக்கும் அனுப்பி வையுங்கோ.