நெகட்டிவே சொல்லும்: 6×17 கேமராவில் ரோல் ஏற்றலும் பிரேம் இடைவெளிக் கோளாறும்

120 ரோல் (பின்தாள் எனும் காப்புக் காகிதத்தோடு சுற்றி வரும் அகலப் பிலிம்) ஒன்றில் 6×17 படம், அதாவது சுமார் 6 செ.மீ. உயரமும் 17 செ.மீ. நீளமும் கொண்ட அகலப்படம், நாலே நாலுதான். அதில் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறிவிட்டாலோ, கடைசிப் படம் பிலிமைத் தாண்டி வெறும் காகிதத்தில் விழுந்தாலோ, கால்வாசி ரோல் போய்விட்டது என்று பொருள். அப்படி நடந்ததும் பலர் முதலில் செய்வது ஸ்க்ரூ டிரைவரை எடுப்பது. அதை எடுக்காதீர்கள். ஸ்கேலை எடுங்கள்.

லேபுக்கு அனுப்பும்போதே உறைமேல் ‘6×17, வெட்ட வேண்டாம்’ என்று பெரிதாக எழுதுங்கள். எழுதாவிட்டால் 6×6 என்று நினைத்து நடுவில் கத்திரி போடுவார்கள், படமும் போகும், தடயமும் போகும். முழு நீளமாக வந்த நெகட்டிவை மேசையில் விரித்து ஐந்து அளவு எடுங்கள்: முன்னால் மிஞ்சிய நீளம், மூன்று இடைவெளிகள், பின்னால் மிஞ்சிய நீளம். கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் இந்த ஐந்து எண்களிலேயே இருக்கும்.

கணக்கு இதுதான். 120 பிலிமின் நீளம் சுமார் 82 முதல் 85 செ.மீ. ஒரு 6×17 படம் உண்மையில் 168 மி.மீ. அளவில் இருக்கும். நாலு படத்துக்கு 672 மி.மீ. போக, மீதி 15 செ.மீ. சொச்சம்தான் நம் கையில். இடைவெளிக்கு 10 மி.மீ. வைத்தால் முதல் படத்தின் தொடக்கத்திலிருந்து கடைசிப் படத்தின் முடிவு வரை 702 மி.மீ. ஆகும். 21 மி.மீ. வைத்தால் 735. இரண்டும் பாதுகாப்பானவை. இடைவெளி 40 மி.மீ.க்கு மேல் போனால் நாலாவது படத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ரோல் ஏற்றும்போது

நிழலில் ஏற்றுங்கள். சித்திரை வெயிலில் ஈரோட்டுப் பக்கம் நிழல் தேடுவது சிரமம் என்றால் உங்கள் முதுகு நிழலே போதும். ஒட்டுத்தாளைக் கிழித்ததும் ரோல் தளராதபடி கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். காகித நாக்கை எடுப்பு ஸ்பூலின் (எடுத்த பிலிம் சுற்றிக்கொள்ளும் காலி ஸ்பூல்) பிளவில் நடுவாக நுழைத்து இரண்டு சுற்று சுற்றிவிட்டு நிறுத்துங்கள். காகிதத்தின் இரு ஓரமும் ஸ்பூலின் இரு விளிம்புக்கும் சம தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண 6×6 கேமராவில் கொஞ்சம் கோணல் பெரிய விஷயமில்லை. இங்கே இரண்டு ஸ்பூலுக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் தூரம். நாக்கு அரை மி.மீ. சாய்ந்தால்கூட, போகப் போகக் காகித ஓரம் விளிம்பில் ஏறி மடங்கும். சாய்ந்திருந்தால் கழற்றி மறுபடி நுழையுங்கள். இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

பிறகு வழங்கும் ஸ்பூலில் (புது ரோல் இருக்கும் ஸ்பூல்) விரலை லேசாக வைத்து இழுவிசை கொடுத்தபடியே சுற்றி, காகிதத்தில் உள்ள அம்புக்குறியைக் கேமராவின் குறியோடு நேராக நிறுத்துங்கள். பியூஜி ஜி617, ஜிஎக்ஸ்617 போன்ற, தானே எண்ணும் கேமராக்களுக்கு இந்த அம்புதான் பூஜ்ஜியம். மூடுமுன் கவுண்டரும், பிலிமைப் பின்னாலிருந்து அழுத்தித் தட்டையாக வைக்கும் பிரஷர் பிளேட்டும் 120இல் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமரா பல நேரம் 220இல், அதாவது படங்களின் பின்னால் காகிதம் இல்லாத இரட்டை நீள ரோலுக்கான நிலையில், நிற்கும். அப்படியே ஏற்றினால் கவுண்டர் எட்டு வரை ஓடும், நாலுக்குப் பிறகு எல்லாம் காற்றில் எடுத்த படம். பிளேட்டும் பின்தாளின் தடிமனுக்கு இடம் விடாமல் அழுத்தி, சுற்றும்போது கனமாக இழுக்கும்.

ஐந்து எண்களைப் படிப்பது

இடைவெளிகள் மூன்றும் சமமாக இருக்க, முன்னால் மட்டும் நிறைய மிஞ்சி நாலாவது படம் வெட்டுப்பட்டிருந்தால், அம்பைக் குறியைத் தாண்டி நிறுத்தியிருக்கிறீர்கள். முதல் படத்தின் தொடக்கம் வெட்டுப்பட்டிருந்தால் அம்பு குறிக்கு வருமுன்பே மூடியிருக்கிறீர்கள். கேமராமேல் குற்றமில்லை.

இடைவெளி ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போனால் சுற்றைக் கணக்கிட்டுத்தான் பிலிம் நகர்கிறது என்று பொருள். வீட்டில் செய்த கேமராக்களில் இது மிகச் சாதாரணம். காலி ஸ்பூலின் தண்டு ஏறக்குறைய 12 மி.மீ. விட்டம். அதனால் முதல் சுற்று 38 மி.மீ. அளவுக்கு இழுக்கும். காகிதமும் பிலிமும் ஏற ஏறத் தண்டு பருத்து, கடைசிச் சுற்றுகளில் 65 மி.மீ. வரை இழுக்கும். ‘படத்துக்கு நாலு சுற்று’ என்று வைத்துக்கொண்டால் முதல் இடைவெளி 2 செ.மீ., அடுத்தது மூன்றரை, அதற்கடுத்தது 5 செ.மீ.யைத் தாண்டும். அம்பை நேராக்கி முதல் படத்துக்கு வந்துவிட்ட பிறகு, அடுத்தடுத்த நகர்வுகளுக்கு 4, 3¾, 3½ சுற்று என்று குறைத்துக்கொண்டே போவது ஏறக்குறையச் சரி. ரோலின் இறுக்கத்தைப் பொறுத்துக் கால் சுற்று மாறும். அதனால் காலாவதியான ஒரு ரோலைப் பலிகொடுத்து அளந்து, உங்கள் கேமராவின் எண்களைப் பின்மூடியின் உள்ளே ஒட்டிவையுங்கள்.

இதே காரணத்தால்தான் அடித்தளம் மெலிதான பிலிமைப் போட்டால் இடைவெளி சுருங்குகிறது, தளர்வாகச் சுற்றிய ரோலில் விரிகிறது. ஸ்பூலின் சுற்றை நம்பும் எந்தப் பொறியமைப்புக்கும் இந்தக் குணம் உண்டு.

இடைவெளி ஒழுங்கில்லாமல் ஒன்று 8, ஒன்று 25, ஒன்று 14 என்று வந்தால் அளவு ரோலர் வழுக்குகிறது. பிலிம் தன்மேல் ஓடும்போது சுழன்று நீளத்தை எண்ணும் ரோலர் அது. வழுக்கினால் பிலிம் போயிருக்கும், எண்ணிக்கை போயிருக்காது. அதனால் வழுக்கல் எப்போதும் இடைவெளியைப் பெரிதாக்குமே தவிரப் படங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாது. ஏறியிருந்தால் வேறு காரணத்தைத் தேடுங்கள்: கவுண்டரின் பூட்டு சீக்கிரம் விழுகிறது, அல்லது நிற்குமுன் நீங்களே லீவரை விட்டுவிட்டீர்கள்.

வழுக்கும் ரோலரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். நம் ஊரில் எந்தப் பட்டறையிலும் கைக்கு வருவது திருப்பூர் பனியன் வேஸ்ட்தான். மோட்டாருக்கு அது அருமை, கேமராவுக்குள் வேண்டாம். நூல் துகள் உதிர்ந்து பிலிம் ஓடும் பாதையில் உட்கார்ந்துவிடும். துடைத்த பிறகு விரலால் தட்டினால் ரோலர் தடையில்லாமல் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் அச்சில் பழைய கிரீஸ் காய்ந்திருக்கிறது. ரப்பர் மெருகேறிக் கண்ணாடிபோல் மின்னினால் மிக நைசான எமரித் தாளால் ஒரு முறை லேசாக உரசுங்கள்.

சிவப்பு ஜன்னல் உள்ளவர்களுக்கு

பின்மூடியில் பின்தாளின் எண்ணைப் பார்க்கச் சிவப்பு ஜன்னல் வைத்த கேமராவில் ஸ்பூல் பருத்தாலும் ரோலர் வழுக்கினாலும் கவலையில்லை, எண் காகிதத்திலேயே அச்சாகியிருக்கிறது. நடு வரிசையில் 6×6 எண்கள் சுமார் 63 மி.மீ. இடைவெளியில் வரும். மூன்று எண் தாண்டினால் 189 மி.மீ., ஒரு 6×17 படத்துக்குச் சரியான அளவு. ஆனால் எந்த எண்ணில் தொடங்குவது என்பது ஜன்னல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. படச் சட்டத்தின் நட்டநடுவில் இருந்தால் 2, 5, 8, 11. எடுப்பு ஸ்பூல் பக்கம் 63 மி.மீ. தள்ளியிருந்தால் 1, 4, 7, 10. வழங்கும் ஸ்பூல் பக்கம் அதே அளவு தள்ளியிருந்தால் 3, 6, 9, 12. ஓர வரிசையில் உள்ள 6×9 எண்களைப் பார்க்கும் ஜன்னல் என்றால் இரண்டிரண்டாகத் தாண்ட வேண்டும்: எடுப்புப் பக்கம் சாய்ந்திருந்தால் 1, 3, 5, 7; வழங்கும் பக்கம் என்றால் 2, 4, 6, 8. 6×12 கேமராவில் 6×6 வரிசையின் ஒற்றைப்படை எண்கள், மொத்தம் ஆறு படம்.

எல்லா பிலிமும் சிவப்புக்குக் கண்மூடியிருந்த காலத்து ஜன்னல் இது. இன்றைய பிலிம் சிவப்பையும் பார்க்கும். சுற்றும் நேரம் தவிர அதைக் கருப்பு டேப்பால் மூடியே வையுங்கள்.

லேத்தில் கடைவதென்றால்

கோவையில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு: கணபதியிலோ பீளமேட்டிலோ ஏதாவது ஒரு லேத்துப் பட்டறையில் ஒற்றை ரோலர் கடைந்து வாங்கிவிடலாம். 20 மி.மீ. விட்டம் சொல்லுங்கள். சுற்றளவு 62.8 மி.மீ., மூன்று சுற்றுக்கு 188.5. அச்சில் ஒரு குறியிட்டு, மூன்று சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தினால் கேமராவுக்கு வேறு கணக்கே வேண்டாம். பட உயரம் 56 மி.மீ., பிலிம் அகலம் 61க்குச் சற்று மேல். ஆகவே ரோலரின் நடுவே 57 மி.மீ. நீளத்துக்கு அரை மி.மீ. ஆழமாகக் கடையச் சொல்லுங்கள். இரு ஓரத்திலும் உள்ள இரண்டு மி.மீ. விளிம்பு மட்டும் பிலிமைத் தொடும், படத்தில் கீறல் விழாது. அந்த விளிம்புகளில் பிடிப்புக்கு நுண்ணிய நர்லிங் (சொரசொரப்பான வரிக்கோடு) போடலாம். பிசிறு இருந்தால் பிலிமைக் கிழிக்கும், விரல் நகத்தை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

தளர்ந்த ரோலும் தொய்ந்த பிலிமும்

முடிந்த ரோல் ஸ்பூலின் விளிம்பைவிடப் பருத்து வெளியே வந்தால் ஓரங்களில் வெளிச்சம் ஏறும். வழங்கும் ஸ்பூலுக்குப் பிரேக் இல்லாததுதான் காரணம். வழங்கும் அறையின் அடியில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சற்றே வளைத்து, மேலே ஃபெல்ட் (கம்பளி போன்ற மெத்தென்ற) துணி ஒட்டி, ஸ்பூலை உரசும்படி வைத்தால் போதும். அதிகம் அழுத்தினால் காகிதம் நாக்கிலேயே கிழிந்துவிடும்.

பிரேக் சரியாக இருந்தும் படத்தின் நடுப்பகுதி மட்டும் மங்கலாக வந்தால் பிலிம் தொய்கிறது. 17 செ.மீ. நீளத்தைத் தட்டையாகப் பிடிப்பது எந்த பிரஷர் பிளேட்டுக்கும் கஷ்டம், வால்பாறை மழையில் இன்னும் கஷ்டம். ஈரத்தில் பிலிம் விரிந்து நெளியும். எனவே எடுத்தவுடனே அடுத்த பிரேமுக்குச் சுற்றி வைக்காமல், எடுக்கப்போகும்போது சுற்றுங்கள். பவானிசாகர் கரையில் விடியலுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு முன்பே சுற்றி வைத்தால் அந்த ஒரு மணி நேரத்தில் நடுவில் மேடு எழுந்திருக்கும். ஆடி மாதம் உடுமலைக் காற்றாலைகளுக்கு நடுவே எடுத்த படம் மங்கலாக இருந்தால் மட்டும் பிலிமைச் சந்தேகிக்குமுன் டிரைபாடைச் சந்தேகியுங்கள்.

தளர்ந்த ரோல் கைக்கு வந்துவிட்டால் வெளியே எடுத்து இறுக்கிச் சுற்றப் பார்க்காதீர்கள், உள்ளே பிலிமும் காகிதமும் உரசிக் கீறல் விழும். இருட்டுப் பைக்குள் வைத்தே கேமராவைத் திறந்து, ஒட்டுத்தாளை ஒட்டி, அலுமினியத் தாளில் இரண்டு மடிப்பாகச் சுற்றி அப்படியே லேபுக்குக் கொடுங்கள்.